கலால் காவலில் ஒரு மருந்து: பம்பாய் மாகாணத்திலிருந்து இன்றைய புனே வரை

கஞ்சாச் செடி ஒன்றுதான். சட்டத்துக்கு அது நான்கு பொருள்: இலை, பூ, பிசின், விதை. அவற்றிலிருந்து இறக்கிய சாரம் ஐந்தாவது. இலைக்குப் பாங் என்றும், பெண் செடியின் பூத்த நுனிக்குக் கஞ்சா என்றும், பிசினுக்குச் சரஸ் என்றும் தக்காணத்தில் பெயர். புனேயில் இன்று 'விஜயா' என்ற சீட்டொட்டிய சிறு பாட்டிலில் ஓர் எண்ணெய் கிடைக்கிறது. அது செடியின் எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது ஆயுர்வேத மருந்தா, போதைப்பொருளா, மளிகைச் சாமானா என்பது தீர்மானமாகிறது. இந்தப் பாகுபாட்டை வகுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பெரும்பாலும் வரி வசூலித்தவர்களும், வரி வசூலுக்காகச் சட்டம் எழுதியவர்களும் வகுத்தது அது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கு இந்தியாவில் இந்தச் செடியின் சாவி கலால் துறையின் இடுப்பில்தான் தொங்கியிருக்கிறது. மருத்துவம் அந்தச் சட்டங்களில் விதிவிலக்காக மட்டும் இடம்பெற்றது.

வைத்திய நூல்களில் செடி பழையது. சார்ங்கதர சம்ஹிதை, உடம்பெங்கும் பரவிய பிறகே செரிக்கிற மருந்துகளுக்கு எடுத்துக்காட்டாகப் பாங்கையும் அபினையும் சேர்த்துச் சொல்கிறது. செரிமானக் கோளாறுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கப்படும் ஜாதிபலாதி சூரணத்தில் சாதிக்காயோடு பாங் இலையும் சேரும். தமிழ்ச் சித்த மருத்துவத்தில் இதற்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்கள் உண்டு. மேற்குக் கரையில் இதைப் பற்றி எழுதிய முதல் ஐரோப்பிய மருத்துவர்களில் ஒருவர் போர்த்துகீசியரான கார்சியா த ஓர்தா. கோவாவில் 1563-இல் அச்சான அவருடைய உரையாடல் நூலில் பாங்குக்குத் தனி உரையாடலே உண்டு. பம்பாய்த் தீவைக் குத்தகைக்கு வைத்திருந்தவரும் இவர்தான். பிற்காலத்தில் இந்தச் செடிக்குக் கணக்கெழுதப் போகிற அரசாங்கத்தின் தலைநகர் அந்தத் தீவு.

ஆங்கில மருத்துவத்துக்குள் கஞ்சா நுழைந்த வழி கல்கத்தா. அங்கு மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த அயர்லாந்துக்காரர் வில்லியம் புரூக் ஓஷானஸி 1839-இல் தம் ஆய்வை வெளியிட்டார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வாதம், காலரா, வெறிநாய்க்கடி, டெட்டனஸ் நோயாளிகளுக்குப் பிசினைச் சாராயத்தில் கரைத்த டிஞ்சரைக் கொடுத்தார். நோய் தீராத இடத்திலும் வலியும் இழுப்பும் அடங்கின என்பது அவர் கண்டது. அந்தக் கட்டுரையில் பிறந்து நாற்பது நாளான ஒரு பெண் குழந்தையின் வலிப்பும் இடம்பெறுகிறது. சொட்டுச் சொட்டாகக் கொடுத்த டிஞ்சரில் வலிப்பு நின்றது. குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்களுக்காகக் கஞ்சாவிலிருந்து பிரித்த மருந்தொன்றை அமெரிக்க மருந்து நிர்வாகம் ஏற்றது 2018-இல்தான். இடையில் கழிந்தவை ஏறக்குறைய 180 ஆண்டுகள். ஓஷானஸி பிறகு மருத்துவத்தை விட்டு விலகி இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுக்கப் போய்விட்டார்.

அவர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்ற சரக்கிலிருந்து லண்டன் மருந்துக்கடைக்காரர் பீட்டர் ஸ்கொயர் சாரம் தயாரித்து விற்றார். 1864-இன் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் 1868-இன் இந்திய மருந்து நூலிலும் கஞ்சாவின் சாரமும் டிஞ்சரும் இடம்பெற்றன. ஐரோப்பிய மருந்தியல் பாடநூல்கள் இரண்டு வகைச் சரக்கைப் பிரித்துச் சொல்லும்: உருட்டிய தண்டுகளாக வருவது வங்காளக் கஞ்சா, மிதித்துத் தட்டையாக்கிய கட்டிகளாக வருவது பம்பாய்க் கஞ்சா. புனேக்கு வடகிழக்கே உள்ள அன்றைய அகமத்நகர் மாவட்டம் பம்பாய் மாகாணத்தின் முக்கியமான கஞ்சா விளைநிலம். ஆக, லண்டன் கம்பவுண்டர் அளந்து ஊற்றிய சில சொட்டுகளின் மூலச்சரக்கு தக்காணத்தின் கரிசல் மண்ணில் விளைந்ததாகவும் இருந்திருக்கலாம்.

அந்த மண்ணில் செடியைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் அல்லர், தாலுகா வருவாய் அதிகாரியான மாமலேதார். 1878-ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம், அதாவது கலால் சட்டம், சாராயம், கள் இவற்றோடு போதைச் சரக்குகளையும் ஒரே கயிற்றில் கட்டியது. உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகச் சீட்டு வேண்டும். சில்லறை விற்பனை உரிமை ஏலத்தில் போனது. ஏலம் எடுத்தவரிடம் வாங்குகிறவர் வயிற்றுவலிக்கு வாங்குகிறாரா, சிலிம் என்ற புகைக்குழாய் பிடிக்க வாங்குகிறாரா என்ற கேள்வி சட்டத்துக்கு எழவில்லை. சர்க்காருக்குச் சேர வேண்டியது எடைக்கும் ஏலத்துக்கும் உரிய காசு. புனேயின் பேட்டைகளில் மூலிகை விற்ற காஷ்டௌஷதிக் கடைக்காரரும், அதாவது நாட்டு மருந்துக் கடைக்காரரும், இந்தச் சரக்கைப் பொறுத்தவரை ஆப்காரி அதிகாரியின் எல்லைக்குள் வந்தார். மற்ற எந்த மூலிகைக்கும் அவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இந்த ஏற்பாட்டை முதன்முதலாக உலுக்கிய கேள்வி லண்டனில் எழுந்தது. மதுவிலக்கு இயக்கத்தவரான நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெயின் 1893 மார்ச்சில் வங்காளக் கஞ்சா சாகுபடியைப் பற்றி விசாரணை கேட்டார். இந்திய அரசு ஒரு படி மேலே போய் நாடு முழுவதற்குமாக 1893 ஜூலை 3 அன்று கஞ்சா ஆணையம் ஒன்றை அமைத்தது. தலைவர் பஞ்சாபின் நிதி ஆணையர் மேக்வொர்த் யங். உறுப்பினர்களில் பம்பாய் மாகாணத்தின் சார்பில் பஞ்சமகால் கலெக்டர் ஓமனி இருந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரும் அரசின் ரசாயனப் பரிசோதகருமான வார்டனும் உறுப்பினர்; ஓஷானஸியின் வாரிசு என்று சொல்லத்தக்கவர் அவர். இந்திய உறுப்பினர்கள் மூவர். ஆணையம் ஊர் ஊராகச் சென்று 1,193 சாட்சிகளை விசாரித்தது. சாட்சிகளில் கலெக்டர்கள், போலீஸ் அதிகாரிகள், டாக்டர்கள், வைத்தியர்கள், பாதிரியார்கள், சாகுபடிக்காரர்கள் என்று எல்லா வகையினரும் உண்டு. ஏறக்குறைய ஓராண்டில் பல தொகுதிகளாக அறிக்கை தயாராகிவிட்டது. இன்றைய விசாரணைக் கமிஷன்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தோடு ஒப்பிட்டால் வியப்பான வேகம்.

ஆணையத்தின் முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. மிதமான பழக்கம் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ சொல்லத்தக்க தீங்கு செய்வதில்லை என்றது. மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளைத் துருவிப் பார்த்ததில், நோயாளியைக் கொண்டுவந்த போலீஸ்காரர் 'காரணம்: கஞ்சா' என்று கேள்விப்பட்டதை எழுதியதுதான் பல இடங்களில் ஆதாரம் என்று தெரிந்தது. அந்தப் புள்ளிவிவரங்களை நம்ப முடியாது என்று ஆணையம் தள்ளியது. முழுத்தடை தேவையில்லை, ஏழைகள் இதைவிடக் கெட்ட சரக்குக்குப் போய்விடுவார்கள் என்றும் எச்சரித்தது. ஆனால் அது பரிந்துரைத்த மாற்றுவழி மீண்டும் கலால்தான்: எடைக்கு நேரடி வரி, அதன்மேல் விற்பனை உரிமைக்கு ஏலம், உரிமம் பெற்ற நிலத்தில் மட்டும் சாகுபடி, கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, தனியாள் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு. நேரடி வரியை முறையாக விதிக்காமல் ஏலத்தை மட்டும் நம்பிய மாகாணங்களுக்கு இதில் ஒரு குட்டும் இருந்தது.

மருத்துவப் பயன்பாட்டைப் பற்றி ஆணையம் நிறையவே பதிவு செய்தது. சாட்சிகள் சளிக்கும் பசியின்மைக்கும் சீதபேதிக்கும் மலைக்காய்ச்சலுக்கும் உறக்கமின்மைக்கும் மாட்டு வைத்தியத்துக்கும் சொன்ன பயன்களெல்லாம் அறிக்கையில் உள்ளன. அந்தப் பக்கங்கள் எந்த விதியையும் உருவாக்கவில்லை. மருந்துக்காக வாங்குகிறவருக்குத் தனி உரிமமோ, வைத்தியருக்குத் தனிச் சலுகையோ, மருந்துச் சரக்குக்குத் தனி வரியோ வகுக்கப்படவில்லை. மருந்தும் மயக்கமும் ஒரே கடையில், ஒரே தராசில், ஒரே வரிக்கு உட்பட்டு நின்றன. பிற்காலக் குழப்பங்களின் வேர் இந்த மௌனத்தில் இருக்கிறது.

புனேயின் அரசியலில் கஞ்சா பெரிதாக எழவே இல்லை. 1908-இல் திலகரின் ஆதரவாளர்கள் புனேயில் கடைவாசல் மறியல் செய்தபோது இலக்கு சாராயக்கடை. சாராயத்தில் சர்க்காருக்கு வந்த வருமானமும் அதன் சமூகக் கேடும் கண்ணுக்குத் தெரிந்தவை. மடத்துச் சாதுவின் சிலிமும் மகாசிவராத்திரியின் பாங் கலந்த தண்டாய்ப் பானமும் யாருக்கும் போராட்டப் பொருளாகத் தோன்றவில்லை.

செடியைச் சர்வதேசச் சட்டத்துக்குள் இழுத்தது எகிப்து. ஜெனீவாவில் 1925 பிப்ரவரி 19 அன்று கையெழுத்தான அபின் உடன்படிக்கைப் பேச்சில், எகிப்தின் பிரதிநிதி ஹஷீஷையும் பட்டியலில் சேர்க்க வலியுறுத்தினார். உள்நாட்டுப் பழக்கத்தில் கைவைக்க இந்திய அரசு தயங்கியது. விளைந்த சமரசம் நுட்பமானது. ஒவ்வொரு நாடும் உள்நாட்டில் மருத்துவத் தேவைக்கு மட்டுமாகக் கட்டுப்படுத்த வேண்டிய பொருள்களில் 'இந்தியக் கஞ்சாவின் சாரமும் டிஞ்சரும்' சேர்க்கப்பட்டன. காய்ந்த பூவுக்கு ஏற்றுமதி இறக்குமதி விதிகளே பொருந்தின. மக்கள் புகைக்கும் சரக்கைத் தொடாமல், மருந்துக்கடையில் அலமாரியில் இருந்த பாட்டிலை மட்டும் தொட்ட உடன்படிக்கை என்று சொன்னால் மிகையில்லை.

இந்தியா இதை 1930-இன் அபாயகர மருந்துகள் சட்டமாக்கியது. அதில் பிறந்த சொல் 'மருத்துவக் கஞ்சா': கஞ்சாவின் எந்தச் சாரமும் அல்லது டிஞ்சரும். கோகோ இலையிலிருந்தும் அபினிலிருந்தும் எடுத்த பொருள்களோடு இது 'தயாரிக்கப்பட்ட மருந்து' என்ற வகையில் அடங்கியது. தயாரிப்பு மத்திய அரசின் பிடிக்கும், வைத்திருத்தலும் விற்பனையும் மாகாண விதிகளுக்கும் போயின. விளைவு விசித்திரமானது. புனேக்காரர் உரிமக் கடையில் காய்ந்த கஞ்சாவை வரம்புக்குட்பட்டுக் காசு கொடுத்து வாங்கலாம், யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள். அதே பூவைச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டிய டிஞ்சருக்கோ டாக்டரின் கையெழுத்தும் கெமிஸ்டின் பதிவேடும் வேண்டும். மருந்து வடிவம்தான் கடுமையான விதிக்கு உட்பட்டது.

அந்த நேரத்தில் டிஞ்சரை எழுதும் டாக்டர்களே அருகிவிட்டார்கள். ஒரு பாட்டிலின் வீரியம் இன்னொன்றுக்கு இருக்காது, அளவு நிச்சயமில்லை என்பது பழைய புகார். நீரில் கரையாததால் ஊசியில் ஏற்ற முடியாது. மார்பினுக்கு அந்தக் குறை இல்லை. ஆஸ்பிரினும் பார்பிட்யூரேட்டும் வந்த பிறகு வலிக்கும் உறக்கத்துக்கும் கஞ்சாவைத் தேட வேண்டியதில்லை. செடியின் செயலாற்றும் பொருளான டி.எச்.சி.யைத் தூய நிலையில் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டவர்கள் இஸ்ரேலின் மெச்சூலமும் காவோனியும், ஆண்டு 1964. அதற்குள் பிரிட்டிஷ் மருந்து நூல் 1932-இலும் அமெரிக்க நூல் 1940-களின் தொடக்கத்திலும் கஞ்சாவைக் கைவிட்டிருந்தன. அளக்கத் தெரிந்தபோது மருந்து அலமாரியில் இல்லை.

வைத்தியரின் பக்கம் வேறு வகையில் நகர்ந்தது. 1938-இன் பம்பாய் மருத்துவத் தொழிலர் சட்டம் வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் அரசுப் பதிவேட்டில் சேர்த்த முன்னோடிச் சட்டம். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1933-இல், புனேயில் திலக் ஆயுர்வேத மகாவித்யாலயா தொடங்கியிருந்தது. பதிவுபெற்ற வைத்தியர் என்ற சட்ட உருவம் இவ்வாறு பிறந்தது. 1961-இல் மகாராஷ்டிரம் இதற்குப் புதிய சட்டம் இயற்றியது. எண்ணெய்ப் பாட்டிலுக்குச் சீட்டு எழுதும் உரிமை பின்னாளில் யாரிடம் போய்ச் சேரும் என்பதை இந்த இரு சட்டங்களே தீர்மானித்தன, அவற்றை எழுதியவர்களின் மனத்தில் எண்ணெய் இருந்திருக்க வழியில்லை என்றாலும்.

விடுதலைக்குப் பின் பம்பாய் அரசு முழு மதுவிலக்கில் இறங்கியது. 1949-இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தில் மதுவுக்கு நிகராகக் கஞ்சாச் செடியும் அடங்கியது. இங்கே ஓர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொல் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் 'போதைச் சரக்கு' பூவோடு நிற்கவில்லை. இலையையும் சிறு தண்டையும், பாங் என்றும் கஞ்சா என்றும் வழங்கும் எல்லா வடிவங்களையும் சேர்த்தே சொல்கிறது. 66-ஆம் பிரிவு உரிமமில்லாமல் வைத்திருப்பதையும் உட்கொள்வதையும் குற்றமாக்குகிறது. நல்லெண்ணத்தோடு மருத்துவம், அறிவியல், தொழில், கல்வி ஆகியவற்றுக்குத் தேவைப்படுவோருக்கு உரிமம் தரலாம் என்று ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டது. கதவின் சாவி வழக்கம்போலக் கலால் அதிகாரியிடம்.

சட்டம் வந்த கையோடு மருந்து நீதிமன்றம் ஏறியது. எஃப். என். பால்சரா என்பவர் தொடுத்த வழக்கில், விஸ்கி பிராந்தியோடு மருந்து ஒயினையும் ஒடிகொலோனையும் வைத்திருக்கத் தமக்கு உரிமை உண்டு என்று கேட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 1951 மே 25 அன்று தீர்ப்பளித்தது. குடிக்கும் மதுவைத் தடுக்க மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சாராயம் கலந்த மருந்தையும் ஒப்பனைப் பொருளையும் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் தடுப்பது செல்லாது என்றது. டிஞ்சர்கள் அனைத்துக்கும் இது உயிர்ப்பிச்சை. மருந்து ஒரு தனி வகை, போதையைத் தடுக்கும் சட்டம் அதை விழுங்கிவிடக்கூடாது என்ற கருத்து இந்தப் பிரதேசத்தில் தெளிவாக உச்சரிக்கப்பட்டது இந்த வழக்கில்தான். தீர்ப்பு பேசியது சாராயத்தைப் பற்றி. கஞ்சாவைப் பற்றி அன்று.

வரி மட்டும் வேறுபாட்டை உணர்ந்திருந்தது. அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியல் 51-ஆம் இனம் மது, அபின், இந்தியக் கஞ்சா ஆகியவற்றின் கலால் தீர்வையை மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டு, அவை கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் விலக்கியது. அவற்றுக்குத் தீர்வை விதிக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கு. 1955-இல் இதற்கெனவே தனிச் சட்டம் வந்தது. பை நிறையக் கஞ்சா என்றால் மகாராஷ்டிரத்துக்கு வரி, அதே கஞ்சா லேகியத்தில் கலந்தால் வரி விதிப்பது டெல்லி, அதை வசூலித்து வைத்துக்கொள்வது மாநிலம். ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை ஆயுர்வேதத் தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு தலைவலியாகவே இருந்தது.

1961-இன் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை, கஞ்சா என்பதைப் பூத்த அல்லது காய்த்த நுனி என்று வரையறுத்து, நுனி சேராத இலையையும் விதையையும் வெளியே விட்டது. பாங் குடிக்கும் நாட்டின் வசதி அதில் தெரிகிறது. கஞ்சாவின் மருத்துவம் சாராப் பயன்பாட்டை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. தவணை நெருங்கியபோது 1985-இன் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறை. 1930-இன் சட்டம் ஒழிந்தது. அதன் ஒரு வாசகம் மட்டும் அப்படியே புதுச் சட்டத்துக்குக் குடிபெயர்ந்தது: மருத்துவக் கஞ்சா என்றால் கஞ்சாவின் எந்தச் சாரமும் அல்லது டிஞ்சரும். ஜெனீவாவில் 1925-இல் எழுதிய சொற்றொடர், எழுத வைத்த டிஞ்சர் பிரிட்டிஷ், அமெரிக்க மருந்து நூல்களிலிருந்து மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், இந்தியச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விலக்களிக்கிறது, விதிகள் சொல்லும் வழியில், சொல்லும் அளவில். 10-ஆம் பிரிவு சரஸ் நீங்கலாகக் கஞ்சாவின் சாகுபடி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. காகிதத்தில் இது அகலமான வாசல். டாக்டர் எழுதி, ஆஸ்பத்திரி மருந்தகம் கொடுக்கும் முறைக்கு இதன்கீழ் விதி செய்ய முடியும். மார்பினின் கதை அதற்கு நல்ல ஒப்பீடு. புற்றுநோய் வலிக்கு மார்பின் வாங்க ஆஸ்பத்திரிகள் பல உரிமங்களுக்காக ஒவ்வொரு மாநிலத்திலும் அலைந்தன. 2014-இன் திருத்தம் 'அத்தியாவசியப் போதைமருந்து' என்ற வகையை உண்டாக்கி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு ஒரே விதியை நாடு முழுவதும் கொண்டுவந்தது. 2015 மே மாதம் அறிவித்த பட்டியலில் மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இருந்தன. கஞ்சாச் சாரம் இல்லை.

ஆகவே எண்ணெய் வேறு வாசலில் வந்தது. 1940-இன் மருந்துகள் சட்டத்தில் 1964-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்த்தது. அதன் விதிகளின் அட்டவணை இ-1 நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருள்களின் பட்டியல். ஆயுர்வேதப் பகுதியில் விதை நீங்கலான பாங், ஊமத்தை, எட்டி, நாபி இவற்றோடு நிற்கிறது. சித்தப் பகுதியிலும் கஞ்சா உண்டு. இவை சேர்ந்த மருந்தின் சீட்டில் 'மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்' என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும் என்கிறது விதி 161. தயாரிக்க உரிமம் வேண்டும். அதை மகாராஷ்டிரத்தில் வழங்குவது உணவு மற்றும் மருந்து நிர்வாகம். விற்கத் தனி உரிமம் தேவையில்லை, எந்த ஆயுர்வேத மருந்துக்கும் தேவையில்லாதது போலவே. 2010-இல் சேர்த்த விதி 158-பி, நூலில் சொன்ன வடிவத்தை விட்டு விலகும் தயாரிப்புகளுக்கும், இ-1 சரக்கு சேரும்போதும், பாதுகாப்பு ஆதாரம் கேட்கிறது. மேற்பார்வை என்பது எந்த வகை, எத்தனை நாளுக்கு, எவ்வளவு டி.எச்.சி. வரை என்று அட்டவணை சொல்லாது.

ஆயுர்வேத மருந்து நூலில் விஜயா என்றால் இலை. போதைமருந்துச் சட்டத்தில் நுனி சேராத இலை கஞ்சா அன்று. அப்படியானால் இலையின் சாரம் 'கஞ்சாவின் சாரம்' ஆகாது, மருத்துவக் கஞ்சா ஆகாது, தயாரிக்கப்பட்ட மருந்தும் ஆகாது. இந்தத் தர்க்கச் சங்கிலியில்தான் இந்தத் தொழில் நிற்கிறது. கடந்த பத்தாண்டுகளில் மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் தோன்றிய நிறுவனங்கள் விஜயா இலைச் சாரத்தை எள்ளெண்ணெயிலோ தேங்காய் சார்ந்த எண்ணெயிலோ கரைத்து நாக்கடியில் விடும் சொட்டாக விற்கின்றன. வழக்கமான நடைமுறை இது: நோயாளி பதிவுபெற்ற வைத்தியரோடு தொலைபேசியிலோ காணொளியிலோ பேசுகிறார், சீட்டு எழுதப்படுகிறது, பாட்டில் கூரியரில் புனேக்கு வருகிறது. மூட்டுவலி, உறக்கமின்மை, புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டல் இவையே பெரும்பாலும் பேசப்படும் காரணங்கள். ஆனால் புற்றுநோயையும் வலிப்பையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய முடியாது. 1954-இன் மாய மருந்துச் சட்டத்தின் பட்டியலில் இரண்டும் உள்ளன. எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. ஓஷானஸி நுழைந்த வாசல் அடைபட்டு, அவர் தகவல் திரட்டிய வைத்தியரின் வாசல் திறந்திருக்கிறது.

சங்கிலியில் பலவீனமான கண்ணி புனேயில்தான் படும். மத்தியச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் இலை, மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் 1949-இன் சட்டத்துக்கு உள்ளே நிற்கிறது. அதே சட்டத்தைச் சுவீகரித்த குஜராத் 2017 பிப்ரவரியில் பாங்கைப் போதைச் சரக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒரே தாயின் இரு பிள்ளைகளில் ஒன்று மட்டும் வீட்டு வழக்கத்தை மாற்றிக்கொண்டது. மகாராஷ்டிரத்தில் மருந்து உரிமம் பெற்ற இலைத் தயாரிப்பு ஒரு துறைக்கு ஆயுர்வேதம், இன்னொரு துறைக்குப் போதைச் சரக்கு.

சாரம் பூவிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் கணக்கு வேறு. 2001 அக்டோபர் அறிவிப்பின்படி கஞ்சாச் சாரத்துக்கும் டிஞ்சருக்கும் சிறு அளவு 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. உலர்ந்த கஞ்சாவுக்கு அவை 1 கிலோவும் 20 கிலோவும். 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருளோடு கலந்த நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்றது. வழக்கு ஹெராயின் கலவை பற்றியது. அதே கோட்பாட்டை எண்ணெய்க்குப் பொருத்தினால், பாட்டிலில் சாரம் ஒரு துளியே இருந்தாலும் தராசில் ஏறுவது எள்ளெண்ணெயும் சேர்ந்த முழு எடை. ஒரு பாட்டில் சிறு அளவுக்குள் அடங்கும். சில டஜன் பாட்டில்கள் அடுக்கிய பெட்டி பத்தாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைப் பிரிவுக்குப் போய்விடும்.

எண்ணெயைச் சட்டமாக்கப் போன மற்ற இடங்களிலும் வழி நேராக இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2015-இல் 5 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. இல்லாத எண்ணெயைப் பதிவுபெற்ற நோயாளிகள் வைத்திருக்கலாம் என்றது. வாங்குவதற்கு மாநிலத்துக்குள் ஒரு கடை திறக்க 2023 ஆயிற்று. எட்டு ஆண்டுகள் கையில் வைத்திருக்க உரிமை, வாங்க இடமில்லை. பிரிட்டன் 2018 நவம்பரில் சிறப்பு மருத்துவர் எழுதலாம் என்று அனுமதித்தது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டத்தில் அதனால் ஓர் எழுத்தும் மாறவில்லை.

விதையின் கதை சுருக்கமானது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றது. எண்ணெயில் டி.எச்.சி. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இப்போது புனேயின் அங்காடியில் சியா விதைக்குப் பக்கத்தில் விதை எண்ணெய் நிற்கலாம்.

விதை எண்ணெய், இலைச் சாரம், பூச்சாரம் மூன்றையும் ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால், சந்தேகம் வரும்போது அவை போகும் இடம் தடய அறிவியல் ஆய்வகம். புனேக்கு அது கணேஷ்கிண்ட் சாலையில் இருக்கிறது. வார்டன் வகித்த ரசாயனப் பரிசோதகர் பதவியின் வழிவந்த வேலை இது. காய்ந்த சரக்கு என்றால் நுண்ணோக்கியில் அதன் வளைந்த மயிர்களைப் பார்த்துச் செடியை அடையாளம் காண்பார்கள், பிறகு நிறப் பரிசோதனை செய்வார்கள். எண்ணெயில் மயிர் இருக்காது. டி.எச்.சி. எவ்வளவு, செடியின் இன்னொரு பொருளான சி.பி.டி. எவ்வளவு என்று கருவி அளந்து சொல்லும். அது இலையில் இருந்து வந்ததா, பூவில் இருந்து வந்ததா என்ற சட்டத்தின் கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.